எச்சரிக்கையை அணைப்பது தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மின்னஞ்சல் மென்பொருளில் அடிக்கடி தோன்றும் எச்சரிக்கைச் செய்தி குறித்து வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு, ‘மீண்டும் காட்டாதே’ என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டால் போதும் என்று தங்கள் கணினிப் பகுதியில் பதில் வெளியாகியிருந்தது. வலையமைப்புப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அதை மறுக்க வேண்டியிருக்கிறது. அந்த டிக் கோளாறு எதையும் நீக்குவதில்லை. நாளை உண்மையான ஆபத்து வரும்போதும் மென்பொருள் வாய் திறக்காதபடி செய்துவிடுகிறது.

சர்வர் தன் அடையாளத்துக்குக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் செல்லாது என்ற செய்தி வந்தால், சர்வரைக் குறை சொல்லும் முன் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துபோன கணினி, மின் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இயக்கும்போது பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுவதுண்டு. அதன் கணக்கில் இன்றைய சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வந்திருக்காது. தேதி சரியாக இருந்தும் செய்தி தொடர்ந்தால், சான்றிதழைத் திறந்து அது யார் பெயரில், எந்த நாள் வரை, யாரால் வழங்கப்பட்டது என்று படிக்க வேண்டும். பெயரும் நாளும் பொருந்தி, அதே வலையமைப்பில் உள்ள புதிய கணினி ஒன்று எச்சரிக்கையின்றி இணைகிறது என்றால், பழைய மென்பொருளிடம் உள்ள மூலச் சான்றிதழ்ப் பட்டியல் (எந்த வழங்குநர்களை நம்பலாம் என்று சொல்லும் பட்டியல்) காலாவதியாகியிருக்க வாய்ப்பு அதிகம். இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, சர்வர்களின் சான்றிதழ்கள் செல்லுபடியாகவே இருந்தும் பழைய கிளையன்ட்கள் (சர்வரோடு இணையும் மென்பொருள்கள்) பல இணைய மறுத்தது இதனால்தான்.

சான்றிதழைச் சரிபார்க்கும் கட்டத்தை எட்டாமலேயே இணைப்பு முறிகிறது என்றால், இணைப்பைப் பாதுகாக்கும் டி.எல்.எஸ். நெறிமுறையின் பதிப்பைச் சந்தேகிக்கலாம். 1999-இல் வந்த டி.எல்.எஸ். 1.0, 2006-இல் வந்த 1.1 ஆகிய இரண்டையும் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2021 மார்ச்சில் கைவிட்டுவிட்டது. அவற்றை மட்டுமே அறிந்த மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமே தவிர, அதற்காகச் சர்வரின் தரத்தைக் குறைக்கச் சொல்லக்கூடாது.

மின்னஞ்சலைத் தாண்டிப் பார்த்தால், வலையமைப்பில் கோப்புப் பகிர்வுக்கான எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதல் பதிப்பைப் பற்றிய எச்சரிக்கை இன்னும் கடுமையானது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாகிரை என்ற தீநிரல் பரவியது அந்தப் பதிப்பைக் கையாளும் நிரலில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது என்பது வேறு கதை. பழைய கருவி ஒன்றுக்காக அந்தப் பதிப்பை விட்டுவைத்தே தீர வேண்டுமென்றால், அக்கருவியையும் அதை அணுகும் ஒரே கணினியையும் மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பது நல்லது.

தொலைவிலுள்ள சர்வரைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக இணையும்போது, சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்துகளில் வரும் செய்தியைத்தான் பலரும் அலட்சியமாகக் கடந்துபோகிறார்கள். கணினியில் சேமித்து வைத்த, சர்வரின் பழைய அடையாளச் சாவியை அழித்துவிட்டு மீண்டும் இணைந்தால் வேலை நடந்துவிடுகிறது என்பது உண்மை. சர்வரில் இயங்குதளத்தை மறுபடி நிறுவியிருந்தால் அதில் தவறும் இல்லை. ஆனால், இடையில் புகுந்த ஒருவர் சர்வரைப் போல நடித்தாலும் இதே செய்திதான் வரும். எனவே நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்துப் புதிய சாவியின் கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் குறுகிய எழுத்துத் தொடரை) கேட்டு, திரையில் தெரிவதோடு ஒப்பிட்ட பிறகே பழையதை அழிக்க வேண்டும்.

முந்தைய பதிலுக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘எரர் வருகிறது’ என்று மட்டும் எழுதினால் எந்த நிபுணராலும் காரணம் சொல்ல முடியாது என்பதால், எச்சரிக்கையின் முழு வாசகத்தையும், மென்பொருளின் பதிப்பு எண்ணையும், கடைசியாக எப்போது தடையின்றி இணைந்தது என்பதையும் சேர்த்து எழுதும்படி வாசகர்களுக்கு அப்பகுதியில் அறிவித்தால் பயனுள்ளதாக இருக்கும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்பாளர் ஒருவர்