வெந்த நண்டை மறுபடி வேகவைக்காதே

ஆரம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படம் வந்தது. தட்டு நிறைய பனி நண்டின் கால். உடம்பையும் காணோம், மேலோட்டையும் காணோம். உன் நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "மீதி நண்டை யார் தின்றார்கள்?" என்று கேட்டார். வரும் சனிக்கிழமை கூட வேலை செய்கிறவர்களைச் சாப்பிட அழைத்திருக்கிறாய், நம் வீட்டு நண்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படி.

அந்தக் கால்களை நம் வீட்டு முறையில் குழம்பில் போட்டுக் கொதிக்க விடாதே. அவை ஏற்கெனவே வெந்தவை. பொட்டலத்திலேயே சிவந்து கிடக்கின்றன, பார். நம் பழவேற்காடு ஏரியின் சேற்று நண்டு உயிரோடு இருக்கும்போது பாசிப் பச்சை. சூடு பட்டால்தான் சிவக்கும். அந்தச் சிவப்பு ஓட்டிலேயே ஒரு புரதத்தோடு ஒட்டி மறைந்திருக்கிறது, சூட்டில் பிரிந்து வெளியே தெரிகிறது என்று உன் தம்பி விளக்கினான். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: இப்படிப் பளிச்சென்று சிவந்திருந்தால் வெந்தாயிற்று. மறுபடி இருபது நிமிடம் கொதித்தால் சதையிலுள்ள நீரெல்லாம் பிழிந்துபோய், வாயில் தேங்காய் நார் மாதிரி நிற்கும். அவ்வளவு காசு கொடுத்து வாங்கி நாராக்குவானேன்?

அவர்கள் அப்படி வேகவைத்து விற்பதில் தந்திரம் ஒன்றும் இல்லை. நண்டு செத்துவிட்டால் அதன் வயிற்றிலுள்ள செரிமானச் சாறும் கிருமிகளும் சதையைச் சீக்கிரம் கெடுத்துவிடும். அதனால்தான் இங்கே கொடுக்கைக் கயிற்றால் கட்டி உயிரோடு விற்கிறார்கள். அசைவில்லாத சேற்று நண்டை உன் பாட்டி, நம் ஆயா, பாதி விலைக்குக்கூட வாங்கியதில்லை. கனடாவில் உங்கள் நியூஃபவுண்ட்லாந்தில் ஆலைக்குக் கொண்டுபோனதும் மேலோட்டை நீக்கி, இரண்டாகப் பிரித்து, காலும் தோளும் சேர்ந்த துண்டுகளாக வேகவைத்து உறையவைத்துவிடுகிறார்கள். உடம்பு உன் தட்டுக்கு வராத காரணம் இதுதான். நைனாவிடம் சொல்லிவிட்டேன். அப்போதும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

அவருடைய குறை வேறு. நம் பக்கத்தில் காலுக்கு யார் மதிப்புக் கொடுத்தார்கள்? கொடுக்கு ஆண்களுக்கும் விருந்தாளிக்கும், உடம்புச் சதை பிள்ளைகளுக்கு, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கால்கள் அம்மியில் நசுங்கி ரசத்துக்கு. ஏரியிலுள்ள இரக்கம் தீவிலிருந்து படகில் வரும் நண்டில் பெரியதெல்லாம் சென்னைக்குப் போய் அங்கிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுகிறது. கொடுக்கு போனதும் கால் ஒடிந்ததும்தான் நமக்கு. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் காலை மட்டும் தனியாக விலை கொடுத்து வாங்குகிறாள் என்றால் அவர் என்னதான் செய்வார்!

இனி வேலையைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்து, விளிம்பு உயர்ந்த தட்டில் பரப்பி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வை. மேலே படிந்திருக்கும் பனிக்கட்டி உருகித் தண்ணீர் நிறைய வடியும். விளிம்பில்லாத தட்டு என்றால் காலையில் பெட்டி முழுவதும் நண்டு வாடைதான். அவசரப்பட்டு மேடை மேல் வெளியில் வைத்து உருக்காதே. ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்காதே. வேண்டிய அளவு மட்டும் எடு.

நீ இங்கிருந்து தூக்கிக்கொண்டு போன இட்லிப் பானை இருக்கிறதல்லவா, அதுவே போதும். குழித்தட்டை எடுத்துவிட்டு, ஓட்டை போட்ட தட்டை வைத்து, தண்ணீர் கொதித்து ஆவி நன்றாக வந்த பிறகு கால்களை மூட்டில் மடக்கி அடுக்கு. மூடி ஐந்து, ஆறு நிமிடம். பனி நண்டின் கால் ஒல்லி, அதற்கு மேல் வேண்டாம். உப்புப் போடாதே. உப்பு நீரில் கிடந்து வந்த நண்டு அது. ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்கு உப்பைத் தீர்மானித்துக்கொள். முதல் கால் ஒன்றை எதுவும் தொடாமல் சாப்பிடு. குளிர்ந்த கடல் நண்டுக்கு ஓர் இனிப்பு உண்டு என்கிறார்கள். நம் ஏரி நண்டைவிட உயர்ந்ததா என்று நீ சொல், நான் நம்பமாட்டேன்.

ஓட்டைப் பிளக்கக் குழவியும் சுத்தியலும் வேண்டாம். அது சேற்று நண்டுக்கு. இதன் ஓடு மெல்லியது, சமையல் கத்தரிக்கோலால் வெளுத்த பக்கமாக நீளவாட்டில் வெட்டினால் சதை முழுசாக வரும். மூட்டை லேசாக ஒடித்து மெதுவாக இழுத்தாலும் வந்துவிடும், நடுவிலிருக்கும் தட்டையான வெள்ளை நரம்பும் கூடவே வரும். அதை எடுத்துப் போடு.

குழம்பு வேண்டும் என்று ஆசைப்பட்டாய், அதற்கும் வழி இருக்கிறது. மசாலாவைத் தனியாகச் சமைத்து, கடைசியில் நண்டைச் சேர். ஒரு கிலோ காலுக்கு இருபது சின்ன வெங்காயம் (கிடைக்காவிட்டால் இரண்டு பெரிய வெங்காயம்), பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி. நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் நன்றாகச் சிவக்கும் வரை வதக்கு. இந்த இடத்தில் அவசரம் வேண்டாம், உன் குணம் எனக்குத் தெரியும். மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி போதும். நெல்லூர்ப் பக்கத்து உறைப்பை அந்த ஊர்க்காரர்கள் தாங்கமாட்டார்கள். மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒன்று, கரகரப்பாகப் பொடித்துப் போடு. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும் வரை சுண்டவிடு. நெல்லூர்க்காரர்கள் போடுவது மாதிரி ஒரு மாங்காய்த் துண்டு கிடைத்தால் புளியைக் குறைத்துக்கொள். தொக்கு கெட்டியானதும் ஆவியில் வைத்த கால்களைப் போட்டுப் புரட்டி, அடுப்பை அணைத்து, மூன்று நிமிடம் மூடி வை. அவ்வளவுதான் நண்டின் வேலை. தாளிக்கும்போது சன்னலைத் திற. புகைமணி அலறி, மாடி வீட்டார் இறங்கி வந்த கதை மறுபடி வேண்டாம்.

ஓடுகளை எறியாதே! உண்மையான ருசி அங்கேதான் இருக்கிறது, ரசத்துக்குக் காலை எடுத்து வைத்த ஆயா அதைத் தெரிந்துதான் வைத்தார். ஓட்டைத் துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் நசுக்கி, மூழ்குமளவு தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் இரண்டு முறை வடி. ஓட்டுத் துணுக்கு தொண்டையில் குத்தும். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் புளி, ஒரு தக்காளி, இடித்த மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லித் தண்டு. நுரை கட்டியதும் இறக்கு. உப்பு கடைசியில். உங்கள் ஊர்க் குளிருக்குச் சளி பிடித்தால் மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் இதைக் குடி.

விருந்தாளிகளிடம் நண்டு ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேள். வேகவைத்தாலும் அது போகாது. நண்டு போட்ட கரண்டியைப் பருப்பில் விட்டாலும் ஆகாது, ரசத்தையும் அவர்களுக்கு ஊற்றாதே. உருக்கிய வெண்ணெயில் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும், அவர்கள் வழக்கம் அது.

1992இல் காட் மீன் பிடிக்கத் தடை வந்த பிறகு அந்த ஊரைப் பெரிதும் தாங்கியது இந்த நண்டுதான் என்று நீ சொன்னதை நைனா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2022இல் மீனவருக்குக் கிடைத்த நண்டு விலை ராத்தலுக்கு 7 டாலர் 60 சென்ட் என்று தொடங்கியது, 2023இல் 2 டாலர் 20 சென்ட் என்று வைத்ததும் படகுகளை வாரக்கணக்கில் கரையிலேயே கட்டிப்போட்டார்கள் என்றாயே, அதைக் கேட்டு நம் படகுக்காரர் ஒருவர் "நாமும் அப்படிக் கட்டினால் சாயங்காலம் சோற்றுக்கு என்ன வழி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆண் நண்டை மட்டும், அதுவும் ஓட்டின் அகலம் 95 மில்லிமீட்டருக்குக் குறையாததை மட்டும் பிடிக்க வேண்டும் என்ற சட்டத்தைக் கேட்டதும் அவருக்குப் பொறாமை. இங்கே சினை நண்டை விடு என்றால் யார் விடுகிறார்கள்? முட்டையிடப் பெண் நண்டு கடலுக்குப் போக வேண்டும், குஞ்சு ஏரிக்குத் திரும்ப வேண்டும்; முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்துக்கொண்டால் இரண்டும் நடக்காது.

மிச்சம் இருந்தால் அன்றே சதையை உரித்து மூடி வை, இரண்டு நாளைக்குள் முட்டையோடு பொரித்துத் தீர்த்துவிடு. காய்ந்த கறிவேப்பிலையும் மிளகும் தடாவிலிருந்து உன் சித்தப்பா மகன் மூலமாக அனுப்புகிறேன், அவன் அடுத்த மாதம் டொராண்டோ வருகிறான். அங்கிருந்து உனக்குத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். போன தடவை மாதிரி முகவரியில் வீட்டு எண்ணை விட்டுவிடாமல் அவனுக்கு முழுசாக அனுப்பு.

அன்புடன்,
அம்மா