கணவருக்கும் சோதனை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டினாலே “இன்னும் விசேஷம் இல்லையா?” என்று தொடங்கிவிடுவார்கள். கூடவே காரணமும் சொல்வார்கள்: “எல்லாம் வேலை டென்ஷன். கேமரன் மலைக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வாங்க.” போகட்டும், தப்பில்லை. ஆனால் இந்தப் பேச்சை நம்பியே பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். கடும் மன அழுத்தம் சிலருக்கு மாதவிடாயைத் தாமதப்படுத்தும், நிறுத்தவும் செய்யும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதென்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், மனைவிக்கு 35 வயதானால் ஆறே மாதத்தில், இருவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இருவரும்! மனைவிக்கு ஸ்கேன், கருக்குழாய்ச் சோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் பல கணவர்கள் விந்துப் பரிசோதனைக்கே வருகிறார்கள். வலியில்லாத சோதனை அது. அதையும் தப்பாகக் கொடுக்கிறார்கள். கடைசியாக விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் ஆகியிருக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது சாதாரண ஆணுறை, வழவழப்பு ஜெல் இரண்டும் வேண்டாம், விந்தணுக்களைக் கெடுக்கும். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் லேப்பில் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். காலை டிராஃபிக் ஜேமில், ஏர்கோன் காற்று அடிக்கும் இடத்தில் போத்தலை வைத்து ஓட்டி வந்தால் அணுக்களின் அசைவு குறைந்துதான் தெரியும். சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு மோசமென்றால் உடனே இடிந்துபோக வேண்டாம். விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதமாகும். பிறகு மறுபடி சோதிப்பார்கள்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உடம்பு ஏறப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

கருமுட்டை வெளியானதா என்று பார்க்கப் பெண்களுக்குச் சொல்லப்படும் ‘21ஆம் நாள்’ புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ரத்தச் சோதனை 28 நாள் மாதவிடாய்ச் சுழற்சிக்குத்தான் சரி. 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவர் 28ஆம் நாள் ரத்தம் கொடுக்க வேண்டும்.

டென்ஷன் நிஜமாகவே கெடுப்பது படுக்கையறையில். கருமுட்டை வெளியாகும் நாளைக் காட்டும் ஓவுலேஷன் கிட் கோடு காட்டிய ராத்திரி ‘இன்றே ஆக வேண்டும்’ என்றால் எந்த ஆணுக்கும் உடம்பு முரண்டு பிடிக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே போதும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு அந்தக் கிட் பொய்யும் சொல்லும்.

ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது), ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை முறை) செலவுக்கு இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிச் சேமிப்பிலிருந்து பணம் எடுக்கலாம். வருமான வரிக் கழிவும் உண்டு. ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கருத்தரிப்புப் பிரிவுத் தாதியர் சிலர்,
கோலாலம்பூர்