பத்தாண்டு பழகிய படைவீரர்களை அடுத்து எங்கே வைக்கப் போகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் சிங்கப்பூர் ஆயுதப் படையில் என் கடைசி முகாம் பயிற்சியை முடித்தேன். துப்பாக்கியைத் துடைத்து ஆயுதக் கிடங்கின் சன்னலில் நீட்டியபோது, உள்ளே இருந்த தேசிய சேவைத் தம்பி எண்ணைச் சரிபார்த்துவிட்டு, "ஓகே, சார்ஜன்ட்" என்றார். அத்தோடு, இரண்டாண்டு கட்டாய தேசிய சேவைக்குப் பிறகு முகாம்களுக்குப் போய்வரும் என் பத்தாண்டுச் சுழற்சி முடிந்தது. வயது 34. சட்டப்படி 40 வயதுவரை என்னை அழைக்கலாம், அதிகாரி என்றால் 50 வரை. ஆனால் இனி எனக்கென்று ஒரு பிரிவு இல்லை, செய்யவேண்டிய வேலை என்று ஒன்றும் இல்லை. தேசிய சேவை முடித்தவர்களைக் கொண்ட போர்க்காலப் படையின் வருங்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுப் பயிற்சி. கட்டளை நிலையத்தின் ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். என் செக்‌ஷனில் ஏழு பேர். அதில் ஒருவர் எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஃபில்டரைக் கழற்றினார், அடியில் தேங்கியிருந்த தண்ணீரைக் கொட்டினார். அப்புறம் எரிபொருள் குழாயின் திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தார். நுரை நுரையாக வந்தது நின்று சுத்தமான டீசல் வழிந்ததும் திருகை இறுக்கினார். இருபது நிமிடத்தில் விளக்கு எரிந்தது.

வெளியே அவர் தரவு நிலையங்களின் மாற்று ஜெனரேட்டர்களைப் பராமரிப்பவர். அவருடைய மகள் பெயர் எனக்குத் தெரியும், எந்த முழங்கால் வலிக்கும் என்பதுகூடத் தெரியும். பட்டாளத்தின் பட்டியலிலோ அவர் ஒரு ரைஃபிள்காரர், அவ்வளவுதான். நான் மின்தூக்கித் தொழில்நுட்பர். இன்னொருவர் அறுவை சிகிச்சைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். பத்து ஆண்டுகளாக எங்கள் மூவருக்கும் கிடைத்தது ஒரே வேலை: காட்டுக்குள் நடப்பது, குழி தோண்டுவது, காவல் இருப்பது.

வெளிவேலைத் திறனுக்கு ஏற்ப வீரர்களை வேறு பொறுப்புக்கு மாற்றும் திட்டம் ஆயுதப் படையில் இருக்கிறது, நல்ல திட்டம். 2022ல் மின்னிலக்க உளவுச் சேவை நான்காவது படையாக வந்ததிலிருந்து, கணினி தெரிந்தவர்களுக்கு வழி இன்னும் அகலமாகியிருக்கும். ஆனால் எங்கள் கம்பெனியில் அப்படி மாறிப்போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கணினிக்காரர்களுக்கு இருக்கும் மதிப்பு, கையில் கிரீஸ் படிந்தவர்களுக்கும் வேண்டும். நெருக்கடி என்று வந்துவிட்டால் மின்சாரமும் தண்ணீரும் மின்தூக்கியும் ஓடவேண்டாமா?

அதற்காக ஆளாளுக்குப் பிரித்து இழுத்துப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டாண்டு சேர்ந்து பயின்றவர்கள் அப்படியே ஒரே பிரிவாகப் போர்க்காலப் படைக்கு வருவதுதான் நம் அமைப்பின் உயிர். இருட்டில் பின்னால் நடப்பது யார் என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆகவே முதல் ஆறு ஆண்டுகள் பிரிவுகளை அப்படியே விட்டுவிடலாம். ஏழாம் ஆண்டில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "நீங்கள் வெளியே என்ன செய்கிறீர்கள், இங்கே என்ன செய்ய முடியும்?" என்று கேட்கவேண்டும். படிவத்தில் அல்ல, நேரில். பாதிப்பேர் அங்கேயே இருக்கட்டும். மீதிப்பேரை மின்சாரம், மருத்துவம், போக்குவரத்து, பழுதுபார்ப்பு என்று தேவைக்குத் தகுந்தபடி அமர்த்தலாம்.

பத்தாண்டு முடிந்தபின் 40 வயதுவரை ஆண்டுக்கு மூன்று நாள் போதும். ஓட்டமும் குழி தோண்டுதலும் வேண்டாம். கற்றதைப் புதியவர்களுக்குச் சொல்லித்தர, தன் தொழிலை நெருக்கடி நேரத்தில் எப்படிச் செய்வது என்று ஒத்திகை பார்க்க, அவ்வளவுக்கு மட்டும். விரும்பித் தொடர்கிறவர்களுக்கு இப்போதும் வழி உண்டு. ஆனால் கேட்டுப் போகிறவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது. அழைத்துக் கேட்கவேண்டும் என்கிறேன். 2014ல் தொடங்கிய தொண்டூழியர் பிரிவில் பெண்களும் நிரந்தரவாசிகளும் புதுக்குடிமக்களும் ஆண்டுக்குச் சில நாள் மனமுவந்து சேவை செய்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் இடம் எங்களுக்கும் இருக்கலாமே. 2020ல் வீட்டுக்கு நான்கு முகக்கவசம் கொடுக்கவேண்டி வந்தபோது, ராணுவ வீரர்கள்தான் உட்கார்ந்து பொட்டலம் கட்டினார்கள். அடுத்த நெருக்கடி எந்த உருவத்தில் வரும் என்று யார் கண்டது?

முதலாளிகளின் பக்கத்தையும் சொல்லவேண்டும். எங்கள் நிறுவனத்தில் தொழில்நுட்பர்கள் ஐந்து பேர்தான். நான் இரண்டு வாரம் போனால் இரவு அழைப்புகளுக்கு முதலாளியே போவார். முகம் சுளித்ததில்லை, ஆனால் களைப்பு தெரியும். அதனால்தான் மூன்று நாள் என்கிறேன், அதுவும் தேதி மாறாத மூன்று நாள்.

2023ல் நம் மொத்தக் கருவுறுதல் விகிதம் 0.97, அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு குழந்தைகூட இல்லை. அந்த ஆண்டு பிறந்த பையன்கள் பச்சை உடுப்புப் போடும்போது வரிசை எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. இருக்கிறவர்களை இப்படி எளிதாகக் கைகழுவும் நிலையில் நாம் இல்லை.

என் அப்பாவும் சேவை செய்தவர். 'ரிசர்விஸ்ட்' என்ற பெயர் 1994ல் போய், 'தயார்நிலையில் உள்ள தேசிய சேவையாளர்' என்று ஆனபோது அவருக்கு என் வயது. பெயர் மாறியதும் தங்களைப் பார்க்கும் பார்வையே மாறியது என்று இன்றும் சொல்வார். பத்தாண்டு முடித்த நாங்களும் தயார்நிலையில்தான் இருக்கிறோம். ஐந்து அங்கமாக இருந்த உடற்பயிற்சித் தேர்வு மூன்றானது, நடைமுறைகள் எளிதாகின. அதையெல்லாம் கேட்டு மாற்றியவர்கள் இதையும் கேட்பார்கள் என்றே நம்புகிறேன். அடுத்த மறுஆய்வுக் குழு உட்காரும்போது, அதிகாரிகளோடு சேர்த்து சில கார்ப்பரல்களையும் அழைத்துப் பேசட்டும்.

ஜெனரேட்டர் சரிசெய்த நண்பரும் என்னோடுதான் முடித்தார். கூப்பிட்டால் வருவாயா என்று வாசலில் கேட்டேன். "தேதியை மட்டும் முன்னாடியே சொல்லச் சொல்லு" என்றார்.

இப்படிக்கு,
ஒரு மின்தூக்கித் தொழில்நுட்பர்,
ஈசூன், சிங்கப்பூர்