குள்ளிக்கு, இண்டியானாவிலிருந்து

இண்டியானாபொலிஸ்
11 மே 2008, ஞாயிறு

அன்புள்ள குள்ளி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு மே மாதத்தில் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. மகளுக்குப் பேறுகாலம் நல்லபடியாக முடிந்ததா? பையனா, பெண்ணா? அண்ணாச்சி மூட்டுவலிக்கு இன்னும் அந்த எண்ணெயைத்தான் தேய்க்கிறாரா? இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. லட்டு டப்பாவை ஒளித்து வைத்தேன், கண்டுபிடித்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டேன், ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று முடிவு செய்கிற முதல்சுற்றில். இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து முதல் ஓட்டு. ஹிலரிக்குப் போட்டேன். அன்றிலிருந்து சின்னவள் என்னோடு பேசுவதில்லை.

அவள் ஒபாமா பக்கம். புளூமிங்டனில் படிக்கிற பிள்ளை, ஒரு மாதமாக வீடு வீடாய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். திங்கள் இரவு இங்கே அவருக்கு ஒரு பெரிய கூட்டம், ஸ்டீவி வொண்டர் வந்து பாடினார், மழை. தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தாள். நான் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது, “நாளைக்கு யாருக்கும்மா?” என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்னால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்று நம் வார்டனே சொல்லுவாளே!

ஒரே கட்சிக்காரர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று நீ கேட்டிருந்தாய். நம் ஊரில் வேட்பாளர் பட்டியல் தலைமையிடமிருந்து வரும். மறுநாள் சீட்டுக் கிடைக்காதவர் வீட்டு முன்னால் கூட்டம் கூடும். இங்கே அந்தப் பட்டியலை ஜனங்களே ஜனவரியிலிருந்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு எழுதுகிறார்கள். எங்கள் மாநிலத்தில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் ஒரு கூத்தைக் கேள். குடியரசுக் கட்சி ஜனாதிபதியாக இருந்த ரீகன் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிற பக்கத்து வீட்டுப் பெரியவர், வரிசையில் எனக்கு முன்னால் நின்று ஜனநாயகக் கட்சி வாக்குச்சீட்டை வாங்கினார். ஹிலரிக்குப் போட்டால் சண்டை நீளும், குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்கு நல்லது என்று அந்தக் கட்சிக்காரர்கள் கேட்கிற ரேடியோப் பேச்சாளர் ரஷ் லிம்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்கு ‘ஆபரேஷன் கேயாஸ்’, அதாவது குழப்பம் பண்ணும் வேலை, என்று பெயர் வேறு. என் இருபத்திரண்டு வருஷக் காத்திருப்பும் அந்தக் கிழவரின் குறும்பும் ஒரே கணக்கில் சேர்ந்தன, ஏட்டி.

அன்று ராத்திரி தூங்கவில்லை. ஆறு மணிக்கே இங்கே ஓட்டுப்பதிவு முடிந்துவிடும். முதலில் ஹிலரி நன்றாகத்தான் முந்தினாள். அப்புறம் மணிக்கு மணி இடைவெளி கரைந்தது. சிகாகோவை ஒட்டிய லேக் கவுண்டியிலிருந்து நள்ளிரவு வரை எண்ணிக்கை வந்தபாடில்லை. கடைசியில் பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல் விழுந்த ஓட்டில் சுமார் 14,000 வித்தியாசத்தில் ஜெயித்தாள். அதே நாளில் வட கரோலினாவில் பதினான்கு சதவீதத்தில் தோல்வி. ஒபாமாதான் வேட்பாளர், கதை முடிந்தது என்று டிவியில் டிம் ரஸ்ஸர்ட் சொல்லிவிட்டார். எங்கள் வெற்றியைக் கொண்டாட எங்களுக்கே நேரமில்லை.

மறுநாள் இவர் எக்ஸெல் போட்டு உட்கார்ந்தார். இன்னும் பாக்கி ஆறு இடம்: மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, ஓரிகன், போர்ட்டோ ரிக்கோ, மொண்டானா, தெற்கு டகோட்டா. எல்லாம் சேர்த்து, கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதிகள் 217 பேர். ஒபாமா 150க்கும் மேல் முன்னால் இருக்கிறார். இவர்கள் கட்சியில் ஓட்டு விகிதப்படிதான் பிரதிநிதிகளைப் பிரிப்பார்கள். ஜெயித்தவருக்கே எல்லாம் என்பது கிடையாது. ஆகையால் எல்லா இடத்திலும் நூற்றுக்கு எண்பத்தைந்து வாங்கினால்தான் ஹிலரி எட்டிப் பிடிக்க முடியும். “உன் சமையலுக்குக்கூட நான் எண்பத்தைந்து போட்டதில்லை” என்றார். அன்று ராத்திரி அவருக்கு உப்புமா.

சூப்பர் டெலிகேட் என்று சுமார் எண்ணூறு கட்சிப் பெரியவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், மனசையும் மாற்றிக்கொள்ளலாம். அவர்களை நம்பித்தான் வண்டி ஓடியது. இந்த இரண்டு நாளில் அதிலும் ஒபாமா முந்திவிட்டதாகச் சொல்கிறார்கள். ஹிலரி தன் சொந்தப் பணத்தில் 1 கோடியே 14 லட்சம் டாலர் கடனாகப் போட்டிருக்கிறாள். கட்சி கணக்கில் சேர்க்காத மிச்சிகன் மாநிலத்தையும் சேர்த்து எண்ணு என்கிறாள். அங்கே வாக்குச்சீட்டில் ஒபாமா பெயரே இல்லை. அதை வெற்றி என்று சொன்னால் நம் ஹாஸ்டல் பிள்ளைகளே சிரித்திருப்பார்கள்.

அப்படியானால் விலக வேண்டியதுதானே என்பாய். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மார்ச் கடைசியிலேயே செனட்டர் பேட்ரிக் லீஹி அவளை விலகச் சொன்னார். அவள் கேட்டுவிட்டிருந்தால் பென்சில்வேனியா கிடையாது, இண்டியானா கிடையாது. நான் சேலை கட்டிக்கொண்டு, கையில் அடையாள அட்டையோடு போய் நின்றதற்கு அர்த்தமே இருந்திருக்காது. (அட்டை கட்டாயம். போன மாதம்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. சவுத் பெண்டில் வயதான கன்னியாஸ்திரீகள் பத்துப் பன்னிரண்டு பேரை அட்டை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம், பாவம்.) 1968இல் ராபர்ட் கென்னடி வந்துபோனதற்கு அப்புறம் இந்தக் கட்சியின் முதல்சுற்றில் எங்கள் மாநிலத்தை யாரும் சீந்தியதில்லை. 1964க்குப் பிறகு நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இந்தக் கட்சிக்கு நாங்கள் ஓட்டுப் போட்டதும் இல்லை, பிறகு ஏன் வருவார்கள்? இந்தத் தடவை கோகோமோவுக்கு வந்தார்கள், டெரி ஹோட்டுக்கு வந்தார்கள். அவள் விலகாததால்தான் சின்னவளுக்குத் தட்டுவதற்குக் கதவுகள் இருந்தன. இதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

இவர் 1979இல் இங்கே படிக்க வந்தவர், உடனே 1980ஐ எடுப்பார். டெட் கென்னடி விலகாமல் தன் கட்சி ஜனாதிபதி கார்ட்டரையே மாநாடு வரை இழுத்தடித்தார். நவம்பரில் ரீகன் 44 மாநிலங்களை வாரிக்கொண்டார். நான் 1976ஐ எடுப்பேன். அதே ரீகன் நியூ ஹாம்ப்ஷயர், புளோரிடா, இல்லினாய் என்று வரிசையாகத் தோற்று, விலகு விலகு என்ற பேச்சைக் காதில் போடாமல் வட கரோலினாவில் ஜெயித்து, கான்சஸ் சிட்டி மாநாடு வரை போனார். அப்போது ஜனாதிபதியாக இருந்த, அதே கட்சி ஃபோர்டுக்கு 1187 பிரதிநிதிகள், அவருக்கு 1070. நாலு வருஷம் கழித்து யார் ஜனாதிபதி? “ஆனால் அந்த வருஷம் ஃபோர்டு தோற்றாரே” என்பார் இவர். இப்படியே இட்லி ஆறிப்போகும்.

ஆண்கள் நின்றால் மனவுறுதி, இவள் நின்றால் பதவி வெறி. ஜனவரியில் ஒரு கூட்டத்தில் “என் சட்டைக்கு இஸ்திரி போடு” என்று இரண்டு பேர் எழுந்து கத்தினார்கள். அதே நாளில் ஒரு காபிக்கடையில் அவள் கண் கலங்கியதை ஒரு வாரம் டிவியில் அலசினார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் ஓட்டு இவளுக்கென்று.

இனிமேல் எழுதப்போவதை இவரிடம்கூடச் சொல்லவில்லை. ஓட்டுப் போட்ட மறுநாள் ஹிலரி ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தாள். தான் ஏன் களத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்கிறாள்: கடினமாக உழைக்கும் அமெரிக்கர்கள், வெள்ளை அமெரிக்கர்கள், அவர்களிடம் ஒபாமாவுக்கு ஆதரவு குறைகிறதாம். இரண்டு தடவை படித்தேன். பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன், குள்ளி. அந்த வாக்கியத்தில் என்னைத் தேடினேன். நான் இல்லை. சின்னவள் அதை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அதை எடுக்கவில்லை.

இப்போதும் ஜூன் 3 வரை நிற்கட்டும் என்றுதான் சொல்வேன். அன்றோடு எல்லா மாநிலமும் போட்டு முடித்துவிடும். கென்டக்கிக்காரிக்கும் என்னைப் போல ஒரு செவ்வாய்க்கிழமை கிடைக்கட்டும். ஆனால் மாநாடு வரை இழுக்கக் கூடாது, இந்த மாதிரிப் பேச்சும் கூடாது. தோற்கப்போவது தெரிந்தும் நிற்பவள், தனக்குப் போட்டவர்களைத் தலைகுனிய வைக்காமல் நிற்க வேண்டாமா?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் 1977 ஞாபகம் வந்தது. ஹாஸ்டல் செயலாளர் தேர்தல். நீ மூன்றாவதாகத்தான் வருவாய் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னது நான்தான். ஓட்டுப் பிரிந்தால் மேல்மாடி ராங்கி ஜெயித்துவிடுவாள், வாபஸ் வாங்கு என்று இரண்டு நாள் உன் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். நீ போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் தலை சீவிக்கொண்டாய். ராங்கி தோற்றாள். முப்பத்தொரு வருஷமாக அதை என் கெட்டிக்காரத்தனத்துக்கு உதாரணமாகத்தான் சொல்லிவருகிறேன், உன் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னேன். எத்தனை பேர் உனக்குப் போட்டிருப்பார்கள் என்பது உனக்குத் தெரியாமலே போயிற்று. அப்போது உனக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். கிண்டல் பண்ணாமல் எழுது.

குழந்தைக்குச் சட்டை அனுப்ப வேண்டும், அளவையும் சேர்த்து எழுது. அண்ணாச்சியை டாக்டரிடம் கூட்டிப் போ.

உன்,
நெட்டச்சி

பி.கு.: இன்று இங்கே அன்னையர் தினம். காலையில் சின்னவள் இவர் போனுக்குக் கூப்பிட்டு, “அம்மா காபி குடிச்சாச்சா?” என்று கேட்டாளாம்.