பச்சைக் குளவிக்குப் பெயர் கேட்டு ஒரு மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துப் பூச்சியியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மொபைலில் கிளிப் லென்ஸ் மாட்டிக்கொண்டு வேலியோரம் குனிந்து நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். மினுமினுக்கும் சின்னக் குளவிகளைப் படமெடுத்து அனுப்பினால், "படத்தை வைத்துச் சொல்ல முடியாது" என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் பதிலாக வருகிறது. சரி, உண்மைதான். ஆனால் எதுவரை சொல்ல முடியும், அதற்குமேல் எதைப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தால் அடுத்த படத்தையாவது உருப்படியாக எடுப்போம்.

எங்களில் பலர் நிறத்தை நம்பியே சண்டை போடுகிறார்கள். அந்தப் பச்சையும் நீலமும் சாயமல்ல. மேலோட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருபவை. பிளாஷ் போட்டால் ஒன்று, நிழலில் இன்னொன்று. இதைச் சொல்ல உங்களுக்கு அரை நிமிடம் போதும்.

சிலவற்றைப் படத்திலேயே ஓரளவு பிடித்துவிடலாம். மண்கூட்டைச் சுற்றி வருவது, தொட்டால் பந்தாகச் சுருள்வது, உடம்பெல்லாம் குழிகள், இவை இருந்தால் அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் கிரைசிடிட் குளவி. பின்தொடை பருத்து அடியில் பற்கள் இருந்தால் கால்சிடிடே என்ற குளவிக் குடும்பத்தின் பக்கம் தேடலாம். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உருப்படிகளிடம்தான் திண்டாட்டம். பாதத்தில் நான்கு கணு என்றால் யூலோபிடே குடும்பம், ஐந்து என்றால் டெரோமாலிடே குடும்பமாக இருக்கலாம் என்கிறார்கள். மொபைல் படத்தில் பாதமே தெரிவதில்லை, கணுவை எங்கே எண்ணுவது? போதாக்குறைக்கு அந்த டெரோமாலிடேயையே 2022-இல் பல குடும்பங்களாகப் பிரித்துவிட்டீர்கள்!

ஆனால் குளவி எதிலிருந்து வந்தது என்பதை எங்களால் சொல்ல முடியும். எலுமிச்சைச் செடியில் தொங்கும் கூட்டுப்புழுவை எடுத்து வைத்தால், சில சமயம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகப் பச்சைக் குளவிகள் கூட்டமாக வெளியே வருகின்றன. நிறத்தைவிட இது பெரிய துப்பு இல்லையா?

இதில் விவசாயிக்கும் பங்குண்டு. கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப்புழுவுக்கு எதிராக, டிரைக்கோகிரம்மா குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய அட்டையைக் கட்டச் சொல்லி, கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவியைக் கரும்புக்காரர்களுக்கு நண்பனாக்கியது உங்கள் துறைதான். அதே ஆள் கத்தரியில் பச்சையாக ஏதாவது மினுங்கினால் மருந்து அடித்துவிடுகிறார். எல்லா மினுக்கும் நல்லதுமல்ல. தைல மர இலைக்காம்பில் முடிச்சு விழவைக்கும் ஆஸ்திரேலியக் குளவியும் நீலப்பச்சையாகத்தான் மின்னும். நண்பனா, தொல்லையா என்று நிறம் சொல்லாது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். படத்துக்கு இனப்பெயர் வேண்டாம், குடும்பம் போதும். எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். அப்புறம், வாரத்தில் ஒரு பிற்பகல் உங்கள் நுண்ணோக்கி அறையைத் திறந்து வையுங்கள். வெளிவந்த குளவியை ஆல்கஹாலில் போட்டு, ஊர், தேதி, செடி, புழு எல்லாம் பென்சிலால் எழுதிக் கொண்டுவருகிறோம். எந்தக் கிழமை தோதுப்படும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேலியோரப் படக்காரன்,
கடலூர் முதுநகர்