ஆற்றங்கரையிலிருந்து அப்பா

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை நீ கேட்டது இன்னும் காதுக்குள் நிற்கிறது. "அந்தச் சின்ன ஊரில அப்படி என்னதான் இருக்கு அப்பா? வீட்டை வித்துப்போட்டு வன்கூவருக்கு வாங்கோ." அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் யாழ்ப்பாணத்தில் வேறு ஆறு ஏது? கிணற்றடியில் வளர்ந்தவன் நான். கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள இந்தப் பாரிஸ் ஊருக்கு வந்த முதல் வருடம் வேலை முடிந்ததும் பாலத்தில் நின்று கிராண்ட் ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறக்குறைய 300 கிலோமீற்றர் ஓடி ஈரி ஏரியில் விழும் ஆறு அது. நம் ஊரில்தான் நித் ஆறு அதோடு வந்து சேர்கிறது. பனி உருகும் நாட்களில் வயல் மண்ணைக் கரைத்துக்கொண்டு நித் கலங்கலாக வரும்.

பாரிஸ் என்றதும் சொந்தக்காரர் எல்லோரும் பிரான்ஸ் என்றே நினைக்கிறார்கள். பெயர் வந்தது மண்ணிலிருந்து. 1829இல் இங்கே காணி வாங்கிய ஹைரம் கேப்ரன், ஆற்றங்கரையில் கிடந்த ஜிப்சத்தைத் தோண்டி அரைத்தார். கை முறிந்தால் கட்டுப்போடுவார்களே, அந்த பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் ஜிப்சத்தில்தான் செய்வது. அதுவே ஊருக்குப் பெயராகிவிட்டது.

ஆனால் அவர் வாங்குவதற்கு முன்பே இந்தக் கரை வேறு ஆட்களுடையது. 1784இல் ஆற்றின் இருபுறமும் 6 மைல் அகலத்துக்கு, 'ஆறு தேசங்கள்' (Six Nations) என்ற பூர்வீகக் குடிகளின் கூட்டமைப்புக்கென்று பிரித்தானியர் எழுதிக் கொடுத்தார்கள். இன்று அவர்களிடம் மிஞ்சியிருப்பது இருபதில் ஒரு பங்களவுதான். காணியை விட்டு வந்த எனக்கு இதைச் சும்மா கடந்து போக முடியவில்லை. நீயும் தெரிந்து வைத்திரு.

சின்ன வயதில் நீ விரலால் தடவிப் பார்ப்பாயே, அந்த உருண்டைக் கல் சுவர்கள் ஞாபகமா? முட்டை முட்டையாக வரிசை பிசகாமல் பதித்திருக்கும். நியூயோர்க் பக்கமிருந்து வந்த லீவை பௌட்டன் என்ற கொத்தனார் கொண்டுவந்த வேலை அது. 1845இல் பாரிஸ் பிளெயின்ஸ் தேவாலயத்தையும் அப்படித்தான் எழுப்பினார்கள், பக்கத்து வயல்களில் பொறுக்கிய கல்லால். அப்புறம் பென்மன் நெசவாலைகள் வந்தன. இங்கிலாந்திலிருந்துகூடப் பெண்கள் தனியாகக் கப்பலேறி வேலைக்கு வந்தார்கள்.

நான் அடிக்கடி நினைப்பது இதைத்தான். 1876 ஆகஸ்ட் 10ஆம் திகதி, இங்கே ரொபேர்ட் வைட்டின் சப்பாத்துக் கடையில், தந்தி அலுவலகமும் அதுதான், கிரகாம் பெல் தன் தொலைபேசிக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தார். 13 கிலோமீற்றர் தள்ளி பிரான்ட்ஃபோர்டிலிருந்து அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் பேசியது கேட்டது. குரல் ஒரு பக்கம்தான் வரும். மகன் பதிலைத் தந்தியில்தான் அடிக்க வேண்டும்.

ஆகஸ்டில் உனக்கு லீவு என்றாயே. வா, நித் வந்து சேரும் இடம்வரை நடப்போம். வீட்டுக் கதையை அங்கே வைத்துப் பேசலாம்.

அன்புடன்
அப்பா