‘ஸெய்லானிக்கா’ என்றால் இலங்கையில் மட்டும் வளர்வது என்று பொருளல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த மூலிகைக் குறிப்பொன்றில், கொடிவேலியின் தாவரவியற் பெயரான ‘பிளம்பாகோ ஸெய்லானிக்கா’வின் இரண்டாம் சொல்லுக்கு ‘இலங்கையில் மட்டும் வளர்வது’ என்று விளக்கம் தரப்பட்டிருந்தது. பல்கலைக்கழக வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கப்படும் திருகோணமலையில் மாணவர் பலர் அதனைப் படித்திருப்பர் என்பதால் இதனை எழுதுகிறேன்.

அச்சொல் ஓர் இலத்தீன் பெயரடை. ‘இலங்கையைச் சார்ந்த’ என்பதே அதன் பொருள். ‘மட்டும்’ என்பது அதில் இல்லை. கொடிவேலியோ ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வெப்பநாடுகள் பலவற்றில் தானாகவே வளர்வது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1672 முதல் 1677 வரை இங்கிருந்த பவுல் ஹெர்மன் சேகரித்த உலர்தாவரங்கள் பிற்காலத்தில், தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடிய அறிஞர் லின்னேயஸின் கைக்கு வந்தன. இத்தீவில் ஒருபோதும் கால்வைத்திராத அவர், அவற்றைக் கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். ஆகவே, பெயர் சூட்டியவரின் ஆதாரம் எந்த நாட்டோடு தொடர்புடையது என்பதற்கு மேல் இத்தகைய பெயரடை எதற்கும் உறுதி தருவதில்லை. புளியின் பெயரில் ‘இண்டிக்கா’ இருக்கிறது. அதன் தாயகம் ஆபிரிக்கா. மறுபுறம், உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத நம் காட்டுக்கோழியோ லஃபாயெத் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சுமந்து திரிகிறது!

இச்சொல்லின் ஈறு பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வூர்த் தோட்டமொன்றில் கறுவாவின் பலகையில் ‘சின்னமோமம் ஸெய்லானிக்கா’ என்று எழுதியிருக்கக் கண்டேன். ‘நல்லன், நல்லள், நல்லது’ என்று பாலுக்கேற்ப ஈறு மாறுவதை அறிந்த நமக்கு இது கடினமானதன்று: கொடிவேலியின் பேரினப் பெயர் (அதாவது முதற்சொல்) பெண்பால் என்பதால் ‘ஸெய்லானிக்கா’, கறுவாவினது அலிப்பால் என்பதால் ‘ஸெய்லானிக்கம்’, பழுப்புத்தலைக் குக்குறுவானினது ஆண்பால் என்பதால் ‘ஸெய்லானிக்கஸ்’. இங்கே பால் என்பது பெயர்ச்சொல்லின் பாலேயன்றி மரத்தின் பாலோ பறவையின் பாலோ அன்று. ஈற்றைப் பார்த்துப் பாலை ஊகிப்பதும் ஆபத்தானது. புளியின் பேரினப் பெயரான ‘டமரிண்டஸ்’ ஆண்பால் போல ஒலித்தாலும், மரப்பெயர்களைப் பெண்பாலாகக் கொள்ளும் பழைய வழக்கப்படி ‘இண்டிக்கா’ என்றே முடிகிறது.

கறுவாவுக்கு இன்று ஏற்கப்பட்ட பெயர் ‘சின்னமோமம் வேரம்’. ‘வேரம்’ என்பதும் பெயரடையே. ‘மெய்யான’ என்று பொருள். 1972இல் ‘சிலோன்’ என்ற நாட்டின் பெயர் மாறியதால் ‘ஸெய்லானிக்கம்’ என்ற பழைய பெயரும் கைவிடப்பட்டது என்று சிலர் கருதுவது தவறு. ‘வேரம்’ 1825இலும் ‘ஸெய்லானிக்கம்’ 1826இலும் வெளியிடப்பட்டன. முந்தியதே நிற்கும் என்பது விதி. பொருத்தமற்றது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு பெயரைத் தள்ளிவிடவும் தாவரப்பெயர் விதிகள் இடந்தருவதில்லை.

ஆங்கிலேய மரவணிகத்தில் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர்பெற்றதும் சிங்களத்தில் ‘ஹல்மில்ல’ எனப்படுவதுமான மரத்தின் இலத்தீன் பெயரில் நம் ஊரும் இல்லை, நாடும் இல்லை. அதன் பெயரடையான ‘கோர்டிஃபோலியா’ இதயவடிவ இலையை மட்டுமே குறிக்கிறது. மாணவர் பக்கத்தில் அடுத்து எழுதுபவர் இம்மரத்தை எடுத்துக்கொண்டு, கொடிவேலி பற்றிய திருத்தத்தையும் அங்கேயே சேர்த்து வெளியிட்டால் நன்றாயிருக்கும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.